முதல் எடிட்டரைத் தேர்வு செய்யும் முன் ‘கோணேஸ்வரம்’ என்று எழுதிப் பாருங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் விடுதிகள் நிறையத் தொடங்கும். செப்டெம்பர் வரை அந்தக் கூட்டம் இருக்கும். அதற்கு முன்னால், மார்ச் ஏப்ரல் மாதங்களில், யாராவது ஒரு விடுதிக்காரர் “எங்களுக்கும் ஒரு வெப்சைட் செய்து தாங்களேன்” என்று கேட்பார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்பார். திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலருக்கு வெப் வேலை இப்படித்தான் தொடங்குகிறது.

அவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, “அண்ணா, எந்த எடிட்டர் நல்லம்?” என்றுதான். எடிட்டர் என்றால் நிரலைத் தட்டிச் சேமிக்கும் மென்பொருள்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் தம்பியிடம் இருப்பது அவருடைய அக்கா பாவித்த பழைய லப்டொப். இன்னொருவரிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனை இருக்கிறது: எடிட்டர் நம் எழுத்தைச் சேதமில்லாமல் சேமிக்கிறதா என்பது. ஆங்கில வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை, அவர்களுக்கு அந்தத் தேவை குறைவு. நமக்கு அதுதான் முதல் தேவை.

எழுதுவது வெறும் எழுத்துக் கோப்புதான்

பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், பைதன் எதுவாக இருந்தாலும் நீங்கள் சேமிப்பது வெறும் எழுத்துக் கோப்பு. எழுத்தின் அளவு, நிறம், தடிப்பு எதுவும் அதற்குள் இல்லை. எடிட்டரில் தெரியும் நிறங்கள் உங்கள் கண்ணுக்காக எடிட்டர் பூசுபவை, கோப்பில் சேர்வதில்லை. அதனால்தான் வேர்ட் இதற்கு ஆகாது. அது தன் வடிவமைப்பையும் சேர்த்துச் சேமிக்கும். நேராக இருக்க வேண்டிய மேற்கோள்குறியை வளைத்தும் விடும். வளைந்த குறியை இந்த மூன்று மொழிகளும் மேற்கோளாக ஏற்காது.

பி.எச்.பி.யும் ஜாவாஸ்கிரிப்டும் 1995 இல் வந்தவை. அதற்குப் பிறகு எத்தனையோ எடிட்டர்கள் வந்து போய்விட்டன, கோப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே இன்று எடுக்கும் முடிவு ஆயுளுக்கும் கட்டிப்போடுமோ என்று பயப்பட வேண்டாம். எடிட்டரை நாளைக்கே மாற்றலாம். கெட்டுப்போன கோப்பைத் திருத்துவதுதான் பாடு.

முதல் படி: லப்டொப்பைப் பாருங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். எத்தனை ஜிபி என்று இருக்கும்.

8 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் விஎஸ் கோட் போடுங்கள். மைக்ரோசொஃப்ட் 2015 இல் அறிமுகப்படுத்திய இலவச எடிட்டர் இது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு வேண்டிய உதவி எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஒரு பெயரைப் பாதி தட்டும்போதே மீதியைக் காட்டும், நிரலில் வரும் பிழைகளைக் கோடிட்டுக் காட்டும். நீங்கள் பார்க்கப் போகும் பாட வீடியோக்களில் பலவற்றில் இதே திரைதான் இருக்கும், பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு அது பெரிய வசதி.

4 ஜிபி என்றால் நிதானமாக யோசியுங்கள். விஎஸ் கோட் எலெக்ட்ரோன் என்ற அடித்தளத்தில் கட்டியது. அதாவது குரோமின் உள்ளே இருக்கும் அதே எஞ்சின் இதற்குள்ளும் ஓடுகிறது. அதோடு உண்மையான குரோமையும் திறந்து, பி.எச்.பி.யை நம் லப்டொப்பிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் எக்ஸாம்ப் என்ற தொகுப்பில் அபாச்சி என்ற வெப் சேர்வரையும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தையும் ஓடவிட்டால் 4 ஜிபி திணறும். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். படிக்கும் ஆர்வத்தை அது மெல்லக் குறைத்துவிடும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட லப்டொப்பில் நோட்பேட் பிளஸ் பிளஸ் போடுங்கள். 2003 இலிருந்து இருக்கிறது, இலவசம், தட்டியவுடன் திறக்கும். விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதைக் கவனியுங்கள். லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஜீனி இருக்கிறது.

விண்டோஸ் 7 ஓடும் லப்டொப் என்றால் தீர்மானிக்க எதுவும் இல்லை. விஎஸ் கோட்டின் புதிய பதிப்புகள் அதில் ஓடாது. நோட்பேட் பிளஸ் பிளஸ்தான்.

போன் மட்டும் வைத்திருப்பவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. அண்ட்ரோய்டில் ஏகோட் என்ற எடிட்டர் இருக்கிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். அடைப்புக்குறிகளைப் போன் கீபோர்டில் தேடித் தேடித் தட்டுவது சிரமம்தான். ஒரு பழைய யூஎஸ்பி கீபோர்டையும் அதை போனில் செருகும் சின்ன ஓடிஜி இணைப்பியையும் வாங்கிக்கொண்டால் அந்தச் சிரமம் பெருமளவு போய்விடும்.

பழைய வீடியோக்களில் ஏட்டம், பிராக்கெட்ஸ் என்ற இரண்டையும் பரிந்துரைப்பார்கள். அவற்றைத் தொட வேண்டாம். பிராக்கெட்ஸுக்கான ஆதரவை அடோபி 2021 செப்டெம்பரில் நிறுத்தியது. ஏட்டத்தை கிட்ஹப் 2022 டிசம்பரில் மூடியது. சப்லைம் டெக்ஸ்ட் நல்ல எடிட்டர், வேகமானது. பரீட்சார்த்தமாக எவ்வளவு காலமும் பாவிக்கலாம், ஆனால் உரிமம் 99 அமெரிக்க டொலர். பி.எச்.பி. ஸ்டோர்ம் கட்டணம் செலுத்திப் பாவிப்பது. வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: டேட்டா கணக்கு

நோட்பேட் பிளஸ் பிளஸ் 10 எம்பிக்கும் குறைவு. விஎஸ் கோட் 100 எம்பி அளவில் வரும், அதன் பிறகு அப்டேட்களும் வரும். போன் டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக வாழ்பவர்கள், நல்ல வைஃபை இருக்கும் நண்பர் வீட்டில் ஒரு தடவை டவுன்லோட் செய்து பென்டிரைவில் கொண்டுவாருங்கள். அந்தந்த எடிட்டரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூகுளில் விளம்பரமாக முதலில் வரும் தளங்களில் எடுக்க வேண்டாம்.

சொந்தக் கணினி இல்லாமல் வகுப்பிலோ கடையிலோ போய் எழுதுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரண்டு எடிட்டருமே ஸிப் கோப்பாகவும் கிடைக்கின்றன. அதைப் பென்டிரைவில் விரித்துவிட்டால் இன்ஸ்டோல் செய்யாமலே ஓடும். விஎஸ் கோட் என்றால் அந்த ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் உருவாக்கிவிடுங்கள். உங்கள் செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் நாமாகச் சேர்க்கும் கூடுதல் வசதி) எல்லாம் பென்டிரைவிலேயே தங்கிவிடும்.

மூன்றாம் படி: சோதனைக் கோப்பு

மனசை இங்கே கொஞ்சம் ஊன்றி வையுங்கள்.

எடிட்டரில் ஒரு புதிய பி.எச்.பி. கோப்பைத் திறந்து, அதில் ‘கோணேஸ்வரம்’ என்ற சொல்லை ஒரு மாறியில் போடுங்கள். ஸ்ட்ரிங்கின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென் ஃபங்ஷனுக்கு அந்த மாறியைக் கொடுத்து, வரும் எண்ணை எக்கோ செய்யுங்கள், அதாவது திரையில் காட்டச் சொல்லுங்கள். இரண்டே வரி. சேமித்து, எக்ஸாம்ப் வழியாகப் பிரவுசரில் திறந்தால் ஒரு எண் வரும்.

30 என்று வந்தால் நல்லது. ஏன் 30? கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து: கோ, ணே, ஸ், வ, ர, ம். யூனிகோடில் அது பத்துக் குறியீடு. ககரம் ஒன்று, அதன் மேல் ஏறும் ஓகாரக் குறி ஒன்று, ஸகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று பிரித்து எண்ணினால் பத்து வரும். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பத்தும் மூன்றும் பெருக்க 30.

33 என்று வந்தால் உங்கள் கீபோர்ட் மென்பொருள் ‘கோ’வின் ஓகாரக் குறியை இரண்டு துண்டாக எழுதுகிறது: முன்னால் வரும் ஏகாரக் கொம்பு ஒன்று, பின்னால் வரும் கால் ஒன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரே குறியாகவும் இன்னொரு பக்கத்தில் இரண்டு குறியாகவும் எழுதியிருந்தால், தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. விடுதியின் பக்கத்தில் யாரோ ‘கோணேஸ்வரம்’ என்று தேடி ஒன்றும் வராமல் போவது இப்படித்தான். இது எடிட்டரின் பிழை அல்ல, கீபோர்டை மாற்றுங்கள்.

வெறும் 10 என்று வந்து, அந்தச் சொல்லை எக்கோ செய்தால் பத்துக் கேள்விக்குறிகள் தெரிந்தால், எடிட்டர் கோப்பைத் தமிழுக்கு இடமில்லாத பழைய அன்சி முறையில் சேமித்திருக்கிறது. தமிழ் போய்விட்டது, திரும்பி வராது. மீண்டும் தட்ட வேண்டியதுதான். அதனால்தான் இந்தச் சோதனையை முதல் நாளே, ஒரே ஒரு சொல்லை வைத்துச் செய்யச் சொல்கிறேன்.

பைதனிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதுபவர்கள் 30 வராததைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த மொழிகள் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணும். அங்கே 10 வந்தால் சரி, 11 வந்தால் ‘கோ’ இரண்டு துண்டாக இருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. அச்சகங்களில் வேலை பழகியவர்கள் பாமினி எழுத்துருவில் வேகமாகத் தட்டுவார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்பில் இருப்பது தமிழ் அல்ல. எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும். புள்ளி எல்லாம் செமிகோலன். அந்த எழுத்துரு இல்லாத போனில் விடுதியின் பெயரே குப்பையாகத் தெரியும், கூகுளுக்கும் புரியாது. விரலுக்குப் பழகிய அமைப்பை விட வேண்டாம். பாமினி அமைப்பிலேயே தட்டி யூனிகோடைத் தரும் கீபோர்ட் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள்.

சிங்களப் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புக் குறி இருக்கிறது. சில எடிட்டர்கள் இப்படிப்பட்ட குறிகளைச் சந்தேகத்துக்குரியவை என்று பெட்டி போட்டுக் காட்டும். சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள். அழித்தால் எழுத்து இரண்டாகப் பிரிந்துவிடும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் பக்கத்தைக் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

நான்காம் படி: கீழ்ப்பட்டையை வாசிக்கப் பழகுங்கள்

எடிட்டரின் கீழே வலது மூலையில் சின்னதாகச் சில சொற்கள் இருக்கும். புதியவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் இருந்து இரண்டு இரவுகளை இழந்தேன்.

ஒரு விடுதிக்கு அறை பதிவு செய்யும் படிவம் எழுதினேன். படிவத்தை அனுப்பியதும் நன்றிப் பக்கத்துக்குப் போக வேண்டும். வீட்டு லப்டொப்பில் ஒழுங்காகப் போனது. சேர்வரில் ஏற்றியதும் போகவில்லை. ‘ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்ற பிழை, அதுவும் முதல் வரியிலேயே. முதல் வரியில் பி.எச்.பி. தொடங்கும் குறியைத் தவிர ஒன்றும் இல்லை. வரி வரியாக அழித்து அழித்துப் பார்த்தேன்.

காரணம் பொம் என்ற குறி. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் மூன்று பைட். விண்டோஸின் பழைய நோட்பேட், யூடிஎஃப் 8 இல் சேமிக்கும்போதெல்லாம் அதைச் சேர்த்துவிடும். 2019 இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் அது சேர்க்காமல் சேமிக்கத் தொடங்கியது. பி.எச்.பி. அந்த மூன்று பைட்டையும் பக்கத்தின் உள்ளடக்கம் என்று எண்ணி முதலில் அனுப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வேறு பக்கத்துக்கு மாற்றவோ குக்கி வைக்கவோ முடியாது. லப்டொப்பில் ஏன் ஓடியது? எக்ஸாம்பில் வெளியீட்டைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரிங் போட்டிருந்தது. அது பிழையை மறைத்துவிட்டது.

கீழ்ப்பட்டையில் ‘யூடிஎஃப் 8’ என்று மட்டும் இருக்க வேண்டும். பக்கத்தில் ‘பொம்’ என்று இருந்தால் மாற்றுங்கள். விஎஸ் கோட்டில் அந்தச் சொல்லையே கிளிக் செய்து ‘சேவ் வித் என்கோடிங்’ என்பதைத் தேர்வு செய்யலாம். நோட்பேட் பிளஸ் பிளஸில் என்கோடிங் மெனுவில் ‘கன்வர்ட் டு யூடிஎஃப் 8’ என்ற வரியை எடுங்கள். அதே மெனுவில் மேலே ‘கன்வர்ட்’ இல்லாமல் இருக்கும் பெயர்கள் கோப்பை மாற்றாது, இருப்பதை வேறு முறையில் வாசித்துக் காட்டும். அன்சி கோப்பொன்றில் இந்த வித்தியாசம் தெரியாமல் அழுத்தி, குப்பையாகத் தெரிந்ததை அப்படியே சேமித்துவிட்டவர்கள் உண்டு.

அதற்குப் பக்கத்தில் சிஆர்எல்எஃப் அல்லது எல்எஃப் என்று இருக்கும். வரி முடிவை எப்படிக் குறிப்பது என்பது அது. முன்னது விண்டோஸ் வழக்கம், பின்னது லினக்ஸ் வழக்கம். பி.எச்.பி. இரண்டையும் ஏற்கும். லினக்ஸ் சேர்வரில் நேரடியாக ஓடும் பைதன், பேர்ல் ஸ்கிரிப்ட்களுக்கு எல்எஃப் வையுங்கள். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

பைதன் படிப்பவர்களுக்கு இன்னொன்று. டேப் விசையை அழுத்தினால் நான்கு இடைவெளி விழும்படி எடிட்டரில் அமைத்துவிடுங்கள். டேப்பும் இடைவெளியும் கலந்தால் பைதன் 3 மறுத்துவிடும்.

ஐந்தாம் படி: கரண்ட் நின்றால் என்ன ஆகும்?

2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் பட்டரி செத்த லப்டொப்பில் எழுதுபவருக்கு ஐந்து நிமிட வெட்டே போதும்.

நோட்பேட் பிளஸ் பிளஸ், சேமிக்காத கோப்பையும் ஏழு விநாடிக்கு ஒரு தடவை தனியாக எடுத்து வைக்கும். விஎஸ் கோட்டும் சேமிக்காததை நினைவில் வைத்துத் திரும்பத் திறக்கும். அதோடு ஓட்டோ சேவ் என்ற வசதியை நீங்களாக இயக்கிவிடுங்கள், அது முதலில் அணைந்தே இருக்கும். சொன்னதை நம்பிவிடாமல் சோதியுங்கள். சோதனைக் கோப்பில் நான்கு வரி எழுதி, சேமிக்காமல், டாஸ்க் மனேஜரில் எடிட்டரை நிறுத்துங்கள். மீண்டும் திறங்கள். நான்கு வரியும் இருந்தால் நிம்மதியாக எழுதலாம்.

ஆறாம் படி: கண்ணுக்கு இதமாக்குங்கள்

நிரல் எழுதப் பாவிக்கும் எழுத்துருக்களில் தமிழ் பெரும்பாலும் இல்லை. எடிட்டர் வேறு எங்கிருந்தாவது ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும், அது சில நேரம் நெருக்கி அடித்து வரும். விஎஸ் கோட்டின் செட்டிங்ஸில் எழுத்துருப் பட்டியலில் கொன்சொலாஸுக்குப் பின்னால் நிர்மலா யூஐ என்று ஒரு காற்புள்ளி போட்டுச் சேருங்கள். விண்டோஸ் 8 இலிருந்து அது கூடவே வருகிறது. வரி உயரத்தை 1.6 ஆக்குங்கள். ‘கீ’, ‘மூ’ போன்றவற்றின் மேலும் கீழும் வெட்டுப்படாமல் தெரியும்.

எக்ஸ்டென்ஷன்களில் அடக்கம் வேண்டும். முதல் மாதத்துக்கு இரண்டு போதும்: பி.எச்.பி. எழுதுபவருக்கு இன்டெலிஃபென்ஸ், சேமித்தவுடன் எச்டிஎம்எல் பக்கத்தைப் புதுப்பித்துக் காட்ட லைவ் சேர்வர். இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். எதை எடுக்கும்போதும் வெளியிட்டவர் யார், எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். ஒரே பெயரில் போலிகளும் வரும். நிரலை முழுதாக எழுதித் தரும் ஏஐ உதவியை முதல் மூன்று மாதம் அணைத்து வையுங்கள் என்பது என் கருத்து. செமிகோலன் எங்கே விட்டுப்போனது என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் அந்த மாதங்களில்தான் வரும்.

அப்புறம், எடுத்த எடிட்டரோடு அந்த மூன்று மாதமும் இருங்கள். வாரத்துக்கு ஒன்று மாற்றினால் விரல் எதிலும் பழகாது.

ஏழாம் படி: சேர்வருக்குக் கொண்டுபோங்கள்

சோதனைக் கோப்பை வீட்டில் ஓட்டிப் பார்த்தது போதாது. நீங்கள் வாங்கிய ஹோஸ்டிங்கில் அதை ஏற்றி, போனில் திறந்து பாருங்கள்.

சேர்வருக்குள் டேர்மினல் (கட்டளைகளைத் தட்டும் திரை) வழியாகப் போனால் அங்கே உங்கள் எடிட்டர் இருக்காது. ‘நானோ’ அல்லது ‘விம்’ என்ற எடிட்டர்தான் இருக்கும். நானோவில் சேமிக்க கண்ட்ரோலும் ஓவும் அழுத்தி என்டர் தட்ட வேண்டும், வெளியேற கண்ட்ரோலும் எக்ஸும். விம்முக்குள் தெரியாமல் அகப்பட்டால் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, சிறிய கியூ, ஆச்சரியக்குறி தட்டி என்டர் கொடுங்கள். ஒன்றையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம்.

போனிலும் அந்தப் பக்கம் 30 என்று காட்டினால் சோதனைக் கோப்பை சேர்வரிலிருந்து அழித்துவிட்டு, விடுதிக்காரரிடம் அறைகளின் படங்களையும் விலைப்பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.